குழிமுகத்திலிருந்து அறிக்கைவரை: ஒரு மண் ஆய்வுச் சேவையின் மதிப்பீடு

ஒரு நிலத்தின் மண் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குழி வெட்டிப் பார்த்து, அடுக்கு அடுக்காக மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, வகைப்பாட்டுப் பெயருடன் அறிக்கையாகத் தரும் சேவை ஒன்றை அண்மையில் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தினேன். நீர் மேலாண்மைக்கான மண் வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும் பணியில் இருப்பதால், கிடைத்த தரவுகளை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். இதே வகைச் சேவையை வேறு எவரிடம் பெற்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவையாகவே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களப்பணி மிகச் சிறப்பாக இருந்தது. ஆய்வகத்தின் கருவிகளிலும் பணியாளர்களின் திறமையிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் களத்தில் எழுதிய குறிப்பையும் ஆய்வகம் தந்த எண்களையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலையை அவர்களில் எவரும் செய்யவில்லை. அதனால் முதல் அறிக்கையில் இருந்த பெரிய பிழையொன்று என் கண்ணில் பட்ட பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. சுட்டிக்காட்டியதும் மறுசோதனை செய்து திருத்திக் கொடுத்தார்கள். திருத்திய அறிக்கையை நம்பிக்கையுடன் பயன்படுத்தி வருகிறேன்.

இந்தச் சேவையை வழக்கமான மண் பரிசோதனையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உரப் பரிந்துரைக்கான பரிசோதனையில் நிலத்தின் பல இடங்களில் மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரே மாதிரியாக அனுப்புகிறோம். அங்கே சராசரிதான் வேண்டும். மண் வகையை அறியும் பணியில் கலப்பதே தவறு. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்து அந்தப் பிடி மண் வந்தது என்பது தெரியாவிட்டால், அதன்மீது செய்யும் ஆய்வு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதற்கு மண்ணியல் பொருள் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை அந்த நிறுவனம் முதல் உரையாடலிலேயே தெளிவாக விளக்கியது; எனக்கு நம்பிக்கை பிறந்த முதல் இடம் அதுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நாம் கரிசல் என்று சொல்லும் கருநிற மண். வறண்டால் பாளம் பாளமாக வெடிப்பது, நனைந்தால் உப்பிக் குழைவது. அமெரிக்க மண் வகைப்பாட்டிலும் உலகளாவிய வகைப்பாட்டு முறையிலும் இதற்கு வெர்டிசால் என்றே பெயர். ஒரு மண் இந்தப் பெயரைப் பெறுவதற்குக் கருநிறம் ஒரு நிபந்தனையே இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. அமெரிக்க முறைப்படி தேவையானவை மூன்று: மேற்பரப்பில் இருந்து அரை மீட்டர் வரை 30 விழுக்காட்டுக்குக் குறையாத களித்துகள் (2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய, மண்ணின் மிக நுண்ணிய துகள்), காலந்தோறும் திறந்து மூடும் விரிசல்கள், மேல் ஒரு மீட்டருக்குள் குறைந்தது 25 செ.மீ. தடிமனுக்கு, மண்திரள்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்ந்ததால் மெருகேறிய சாய்வான பரப்புகள் அல்லது ஆப்பு வடிவ மண்கட்டிகள். இவற்றுள் களி அளவை மட்டுமே ஆய்வகம் சொல்ல முடியும். மற்ற இரண்டையும் குழிக்குள் இறங்கிய ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியாக வேண்டும். அதனால்தான் இந்த மதிப்பீட்டில் களப்பணிக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

களக்குழு கோடையின் முடிவில், விரிசல்கள் முழுமையாகத் திறந்திருந்த நேரத்தில் வந்தது. தேதியை அவர்களே பரிந்துரைத்தார்கள். வந்தவுடன் குழி வெட்டத் தொடங்கவில்லை. மண் துளைப்பானை எடுத்துக்கொண்டு நிலத்தின் பல இடங்களில் துளையிட்டு, மண் எங்கெங்கே ஒரே மாதிரி இருக்கிறது, எங்கே மாறுகிறது என்று பார்த்த பிறகே குழிக்கான இடத்தை முடிவு செய்தார்கள். வரப்போரம், வண்டித் தடம், பழைய உரக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விலக்கினார்கள். ஆய்வுக்குரிய குழிமுகத்தில் வெயில் நேராக விழும்படி திசையைத் தேர்ந்து, வெட்டிய மண்ணை அந்த முகத்தின் மேல்விளிம்பில் கொட்டாமல் எதிர்ப்புறம் குவித்தார்கள். அந்த விளிம்பில் எவரையும் நிற்கவும் விடவில்லை. விரிசல் விட்ட களியில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி எந்த நேரத்திலும் சரியக்கூடியது என்பதால் பக்கச்சுவர்களுக்குப் பலகைத் தாங்கல் வைத்தார்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இது.

குழி தயாரானதும் குழுத்தலைவர் மண்வெட்டி பட்டு மழுங்கிப்போன முகத்தைச் சிறு கத்தியால் கொத்திக் கொத்தி உதிர்த்து, மண்கட்டிகள் இயல்பாகப் பிரியும் விதத்தை வெளிக்கொண்டு வந்தார். இதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மண்வெட்டி இழைத்த பளபளப்பையும் மண்ணே உராய்ந்து பெற்ற பளபளப்பையும் பிரித்தறிய வேறு வழி இல்லை. 45 செ.மீ. ஆழத்துக்குக் கீழே அந்த மெருகேறிய பரப்புகள் தெளிவாகத் தெரிந்தன. கைவைத்தால் வழுக்கின, உராய்ந்த திசையில் மெல்லிய கீற்றுகள் ஓடின. அவற்றின் சாய்வைக் கோணமானியால் அளந்தார். ஆப்பு வடிவக் கட்டிகளின் சாய்வு கிடைமட்டத்தில் இருந்து 10 முதல் 60 பாகை வரை இருக்க வேண்டும் என்பது வகைப்பாட்டின் வரையறை. மேலே விரிசல்களின் அகலத்தை அளந்து, வளையும் கம்பியொன்றை உள்ளே செலுத்தி ஆழத்தையும் குறித்தார்கள்.

நிறத்தை, மண் நிறங்களுக்குக் குறியெண் தரும் மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் உலர்ந்த நிலையிலும் நனைத்த நிலையிலும் தனித்தனியே எழுதினார்கள். நனைந்த மேல்மண் 10 ஒய்.ஆர். 3/1, அதாவது மிகக் கருமையான சாம்பல். இவ்வளவு கருமையாக இருந்தும் கரிமச்சத்து குறைவாக இருப்பது இந்த வகை மண்ணில் வழக்கமானது. கருப்பைப் பார்த்துச் செழிப்பு என்று முடிவு கட்டுபவர்களுக்கு ஆய்வக எண் எப்போதும் வியப்பாகவே இருக்கும். அடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மேலிருந்து கீழாகச் சொட்டிக்கொண்டே போனார்கள். மேலே மெல்ல நுரைத்தது, மூன்றாம் அடுக்கில் இருந்து கொதிப்பதுபோல் பொங்கியது. அங்கே சுக்கான் கற்களும், அதாவது சுண்ணாம்புக் கட்டிகளும், கண்ணுக்குத் தெரிந்தன. விரல்களுக்கு இடையே நனைத்துப் பிசைந்து நாடாவாக இழுத்தபோது அது 5 செ.மீ. நீளத்தைத் தாண்டியும் அறுபடவில்லை. குழுத்தலைவர் தன் படிவத்தில் ‘களி, மதிப்பீடு 55 முதல் 60 விழுக்காடு’ என்று எழுதினார். அந்த ஒரு வரி பின்னால் எனக்குப் பெரிதும் உதவியது.

மாதிரி எடுத்த முறையையும் பாராட்ட வேண்டும். ஐந்து அடுக்குகளையும் கீழிருந்து மேலாக எடுத்தார்கள், ஏனெனில் மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்குகளின் முகத்தில் படிந்து அவற்றைக் கெடுத்துவிடும். ஒவ்வோர் அடுக்கிலும் அதன் முழுத் தடிமனில் இருந்து ஏறக்குறைய 2 கிலோ மண்ணும், பருமன் அடர்த்திக்காக (இடைவெளிகளையும் சேர்த்த கனஅளவுக்கு மண்ணின் எடை) முட்டியளவு மண்கட்டிகள் மூன்றும் எடுக்கப்பட்டன. ஓர் இடத்தில் 80 செ.மீ. ஆழத்தில், சுற்றியுள்ள மண்ணைவிடக் கருமையாக ஒரு செங்குத்துக் கீற்று தெரிந்தது. கோடையில் திறந்த விரிசலுக்குள் மேல்மண் உதிர்ந்து விழுந்து நிரம்பிய இடம் அது. அதை அடுக்கின் மாதிரியோடு சேர்க்காமல் தனிப் பையில் இட்டுத் தனி எண் கொடுத்தார்கள். சேர்த்திருந்தால் அந்த ஆழத்தின் கரிம அளவு பொய்யாக உயர்ந்திருக்கும். ஒவ்வொரு பையின் உள்ளும் புறமும் பெயர்ச்சீட்டு இருந்தது. ஒப்படைப்புப் படிவத்தில் பைகளின் எண்ணிக்கையை இரு தரப்பும் சரிபார்த்துக் கையொப்பம் இட்டோம்.

களநாளில் எனக்கு இருந்த ஒரே மனக்குறைக்குக் காரணம் நான்தான். நிலம் தட்டையாகத் தெரிந்தாலும், உற்றுப் பார்த்தால் சிறு மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் அலைபோன்ற அமைப்பு இருந்தது. இதற்கு மண்ணியலில் கில்காய் என்று பெயர். மண் உப்பிச் சுருங்குவதன் விளைவாகவே இது உருவாகிறது. மேட்டுக்கு அடியில் சுண்ணாம்பு மேலெழுந்து நிற்பதும் பள்ளத்தில் கருமண் ஆழமாக இருப்பதும் வழக்கம் என்பதால், சில மீட்டர் இடைவெளியிலேயே இரண்டு வேறு மண்கள் கிடைக்கலாம். குழுத்தலைவர் இதைக் கவனித்து, மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக வெட்டும் நீள்குழியே இங்கு பொருத்தம் என்று சொன்னார். நான் ஒப்பந்தம் செய்திருந்தது ஒரே குழிக்கு. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் குழியை வெட்டிவிட்டு, மேட்டில் துளைப்பான் இட்டுப் பார்த்து, சுண்ணாம்பு அங்கே மேலேயே தொடங்குவதை மட்டும் குறிப்பில் சேர்த்தார்கள். இந்தச் சேவையைக் கோருபவர்கள் குழிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே பூட்டிவிடாமல், துளைப்பான் சோதனை முடிந்த பிறகு தீர்மானிக்க இடம் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஆய்வகம். மாதிரிகளை 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்தார்கள், சல்லடையில் தங்கிய சுக்கான் கற்களை எடைபோட்டுத் தனியே பதிவு செய்தார்கள். எண்கள் அனைத்தும் 105 பாகையில் உலர்த்திய எடையின் அடிப்படையில் தரப்பட்டிருந்தன. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது.

முதல் அறிக்கை வந்ததும் நான் முதலில் பார்த்தது மூன்றாம் அடுக்கை. அங்கே களி 38, வண்டல் (களிக்கும் மணலுக்கும் இடைப்பட்ட அளவுத் துகள்) 44, மணல் 18 விழுக்காடு என்று இருந்தது. விரலில் 5 செ.மீ.க்கு மேல் நாடா இழுத்த மண்ணுக்கு இது பொருந்தவே இல்லை. அதே அட்டவணையின் வேறு வரிசைகளைப் பார்த்தேன். 1500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது பயிர் நிரந்தரமாக வாடிவிடும் நிலை எனக் கொள்ளப்படும் அளவில், அந்த மண் பிடித்துவைத்திருந்த நீர் 24 விழுக்காடு. வழக்கமான மண்களில் இந்த நீரளவு களி அளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருக்கும், 0.6 பங்கைத் தொட்டாலே துகள்கள் முழுமையாகப் பிரியவில்லை என்று ஐயப்பட வேண்டும். இங்கே 24-ஐ 38-ஆல் வகுத்தால் 0.63. இத்தகைய நேரங்களில் பயன்படும் எளிய கணக்கு ஒன்று உண்டு: அந்த நீரளவில் இருந்து கரிமக் கார்பனின் விழுக்காட்டைக் கழித்து 2.5-ஆல் பெருக்கினால் களியின் தோராய அளவு கிடைக்கும். கரிமம் 0.5 என்பதால் விடை ஏறக்குறைய 59. குழுத்தலைவர் விரலால் சொன்ன அளவும் அதுவேதான்.

மூன்றாவது சான்றும் அதே பக்கத்திலேயே இருந்தது. கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகளை மண் பிடித்துவைத்து மாற்றிக்கொள்ளும் அளவான நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 46 சென்டிமோல். அதைக் களியின் விழுக்காட்டால் வகுத்தால் 1.21 வருகிறது. உப்பும் தன்மையுள்ள ஸ்மெக்டைட் கனிமம் மிகுந்த மண்ணில் இந்த விகிதம் 0.7-க்கு மேல் இருப்பது இயல்பு. ஆனால் கரிமம் இவ்வளவு குறைந்த மண்ணில் 1.2 என்பது களியின் அளவு குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இவற்றை எழுதி அனுப்பியதும் ஆய்வகப் பொறுப்பாளர் மறுநாளே தொடர்புகொண்டார். நடந்தது இதுதான்: சுண்ணாம்பையும் கரிமத்தையும் முன்கூட்டியே அகற்றும் படியைத் தவிர்த்து, துகள்களைப் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் குறைந்த நேரமே குலுக்கி, கலங்கலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைமானியால் அளந்திருக்கிறார்கள். கால்சியமும் சுண்ணாம்பும் ஒட்டிப் பிடித்துவைத்திருந்த களித்துகள்கள் சிறு திரள்களாகவே நின்று, வண்டல் துகள்போல் விரைவாகப் படிந்துவிட்டன. இத்தகைய மண்ணுக்கு முன்தயாரிப்பு முழுமையாக வேண்டும், இரவு முழுவதும் குலுக்க வேண்டும், குறித்த ஆழத்தில் கலங்கலை உறிஞ்சி எடுத்து எடைபோடும் பிப்பெட் முறையில் அளப்பது நல்லது. அதோடு வெப்பநிலையையும் விடாமல் குறிக்க வேண்டும்: 2 மைக்ரோமீட்டர் துகள் 20 பாகை நீரில் 10 செ.மீ. இறங்க 8 மணி நேரத்தை ஒட்டி ஆகும். 30 பாகையில் நீரின் பாகுத்தன்மை குறைவதால் 6 மணி நேரத்தை ஒட்டியே ஆகும். மறுசோதனையில் களி 57, வண்டல் 27, மணல் 16 என்று வந்தது. நீருக்கும் களிக்கும் உள்ள விகிதம் 0.42 ஆகவும், பரிமாற்றத் திறனுக்கும் களிக்கும் உள்ள விகிதம் 0.81 ஆகவும் இறங்கி, எண்கள் ஒன்றோடொன்று இசைந்தன.

முதல் அறிக்கையின் 38 விழுக்காடு இருந்திருந்தாலும் இந்த மண் வெர்டிசால் என்றே பெயர் பெற்றிருக்கும், ஏனெனில் வரம்பு 30 விழுக்காடுதான். பெயர் சரியாக இருக்கிறதே என்று ஒருவர் அறிக்கையை மூடிவைத்திருக்கலாம். ஆனால் நீர் ஊடுருவலையும் நீர்பிடிப்பையும் கணிக்கும் சமன்பாடுகளுக்குள் நான் ஊட்டப்போவது பெயரை அல்ல, களியின் அளவை. 38-க்கும் 57-க்கும் இடையே அந்தக் கணிப்புகள் முற்றிலும் வேறாகிவிடும். ஒரு மண் வகையின் தரவு என்பது ஒன்றையொன்று தாங்கி நிற்கும் எண்களின் தொகுதி. அதில் ஒன்று சரிந்தால் மற்றவை அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும், காட்டிக்கொடுப்பதைப் படிக்க ஒருவர் இருக்க வேண்டும். களக்குறிப்பு எழுதியவருக்கு ஆய்வக அட்டவணையை அனுப்பியிருந்தாலே போதும், அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அது அவரிடம் போகவே இல்லை என்பதைப் பிறகு அவரிடமிருந்தே அறிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அறிக்கையில் நான் கேள்வி எழுப்பிய இரண்டாவது இடம் கார நிறைவு, அதாவது பரிமாற்றத் திறனில் கால்சியம் போன்ற கார அயனிகள் நிரப்பியுள்ள பங்கு. அதே அடுக்கில் கால்சியம் 62, மக்னீசியம் 11, சோடியம் 2, பொட்டாசியம் 1 என்று கூட்டி, அதைப் பரிமாற்றத் திறனான 46-ஆல் வகுத்து, 165 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தார்கள். நூற்றுக்கு மேல் நிறைவு என்பது இயற்கையில் இல்லாத ஒன்று. கரைசலாகப் பயன்படுத்தும் அம்மோனியம் அசிட்டேட், களியின் பரப்பில் ஒட்டியுள்ள கால்சியத்தோடு சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சியத்தையும் கரைத்து எடுத்துவிடுகிறது. இது ஆய்வகத்தின் பிழை அல்ல, சுண்ணாம்பு மண்ணில் அந்த முறைக்கே உள்ள எல்லை. ஆனால் விளக்கம் இல்லாமல் அந்த எண்ணை அச்சிட்டது பிழைதான். திருத்திய அறிக்கையில் நிறைவு 100 என்று கொள்ளப்பட்டு, கால்சியத்தின் அளவுக்குப் பக்கத்தில் ‘பிரித்தெடுக்கப்பட்டது’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. சோடியத்தைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை என்பதால், மிகக் கீழ் அடுக்கில் பரிமாற்றச் சோடியம் 16 விழுக்காடு என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன். சோடிய மண் எனக் கொள்வதற்கான 15 என்ற வழக்கமான வரம்பை அது தாண்டுகிறது என்பது வடிகால் திட்டத்துக்கு முக்கியமான செய்தி.

கரிமக் கார்பனை அளந்த விதத்தில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. 1934-இல் வெளியான வாக்லி–பிளாக் ஈரச் செரிமான முறையைப் பல ஆய்வகங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அது மொத்தக் கரிமத்தில் சராசரியாக முக்கால் பங்கை மட்டுமே ஆக்சிகரணம் செய்வதால், ஏறத்தாழ 1.3 என்ற திருத்தக் காரணியால் பெருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வகம் அதைவிட நவீனமான உலர் எரிப்புக் கருவியைப் பயன்படுத்துகிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் எரிப்பில் சுண்ணாம்பின் கார்பனும் சேர்ந்துவிடும். மொத்தக் கார்பன் 1.94 விழுக்காடு, சுண்ணாம்பு 12 விழுக்காடு, அதில் உள்ள கார்பன் 1.44, ஆகவே கரிமக் கார்பன் 0.50 என்று கழித்துச் சொல்கிறார்கள். சுண்ணாம்பின் அளவீட்டில் ஒரே ஒரு விழுக்காடு தவறினாலும் விடையில் 0.12 மாறும், அதாவது சொல்லப்பட்ட கரிமத்தில் நான்கில் ஒரு பங்கு. சுண்ணாம்பு நிறைந்த அடுக்குகளில் அமிலத்தால் அதை முதலில் அகற்றிவிட்டு எரிப்பதே பாதுகாப்பானது. அடுத்த முறை அப்படிச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பருமன் அடர்த்தியில் அவர்களின் பணி முதல் தரம் என்றே சொல்வேன். உலோக வளையத்தை அடித்து இறக்கி எடுக்கும் எளிய முறை, உப்பிச் சுருங்கும் மண்ணுக்குப் போதாது, ஏனெனில் இந்த மண்ணுக்கு நிலையான அடர்த்தி என்பதே கிடையாது. ஈரத்துக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் மண்கட்டிகளின்மேல் சரான் பிசினைப் பூசி, 33 கிலோபாஸ்கலில் ஈரத்தைச் சமநிலைப்படுத்தி, காற்றிலும் நீரிலும் எடைபோட்டு, பின்னர் அடுப்பில் உலர்த்தி மீண்டும் அதையே செய்தார்கள். 1966 முதல் வழக்கில் இருக்கும் முறை, நேரம் பிடிக்கும் முறை. இரண்டாம் அடுக்கில் ஈரநிலையில் 1.35, உலர்நிலையில் 1.80 கிராம் (ஒரு கன செ.மீ.க்கு) என்று கிடைத்தது. இரண்டின் விகிதத்துக்குக் கனமூலம் எடுத்து ஒன்றைக் கழித்தால், ஈரத்தால் மண் நீளவாக்கில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் நீட்சிக் கெழு 0.10 கிடைக்கும்; 0.09-ஐத் தாண்டினாலே மிக அதிகம் என்று கொள்வது வழக்கம். குழிமுகத்தில் கண்ட மெருகேறிய பரப்புகளுக்கான காரணம் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. மேல் 30 செ.மீ.யில் கரிமம் 0.7 விழுக்காடு என்று வைத்துக் கார்பன் இருப்பைக் கணக்கிட்டால், ஈரநிலை அடர்த்திப்படி எக்டேருக்கு 28 டன், உலர்நிலை அடர்த்திப்படி 38 டன். எந்த ஈரநிலையில் அளந்தது என்று எழுதாத அடர்த்தி எண்ணை எவரும் ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கனிமங்களை அறியும் எக்ஸ்-கதிர் சோதனை கூடுதல் கட்டணத்தில் வரும் பகுதி. மக்னீசியம் ஏற்றிய களியில் 1.4 நானோமீட்டரில் நின்ற, கனிம ஏடுகளின் இடைவெளியைக் காட்டும் முகடு, கிளைக்கால் ஏற்றியதும் 1.7-க்கு நகர்ந்தது, பொட்டாசியம் ஏற்றி 550 பாகைக்குச் சூடாக்கியபோது 1.0-க்குச் சுருங்கியது. ஸ்மெக்டைட் என்பதற்கு ஐயமில்லை. ஆனால் பரிமாற்றத் திறன் விகிதமும் நீட்சிக் கெழுவும் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டன. ஒரு பகுதியின் முதல் ஆதாரக் குழிக்கு மட்டும் இதைக் கேட்டால் போதும். ஒவ்வொரு குழிக்கும் தேவையில்லை. அறிக்கையின் இறுதியில் சேர்த்திருந்த பேரூட்ட, நுண்ணூட்டப் பட்டியலும் இந்த நோக்கத்துக்கு எனக்குப் பயன்படவில்லை.

தரக்கட்டுப்பாட்டைச் சோதிக்க, ஒரே அடுக்கின் மண்ணை இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு எண்களில் கொடுத்திருந்தேன். கார அமில நிலையிலும் பரிமாற்றத் திறனிலும் இரண்டும் மிக நெருக்கமாக வந்தன. துகள் அளவிலும் நெருக்கமாகத்தான் வந்தன, இரண்டுமே ஒரே விதமாகத் தவறாக. ஓர் ஆய்வகம் தன்னோடு தான் ஒத்துப்போவது வேறு, உண்மையோடு ஒத்துப்போவது வேறு. அதனால்தான் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின்கீழ் 2017-இல் தொடங்கப்பட்ட உலக மண் ஆய்வக வலையமைப்பு போன்றவை, ஒரே மண்ணைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் ஏற்பாட்டை வலியுறுத்துகின்றன. இந்த ஆய்வகம் அத்தகைய ஒப்பீட்டில் பங்கேற்கிறது என்றாலும், துகள் அளவு அதில் சேர்க்கப்படவில்லை என்று கேட்டபோதுதான் சொன்னார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே, எந்தெந்த அளவீடுகளுக்கு அங்கீகாரமும் ஒப்பீட்டுச் சோதனையும் உண்டு என்று பெயர் பெயராகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருத்திய அறிக்கையின் வடிவம் நன்றாக இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் முறையின் பெயர், கரைசல் விகிதம், அலகு ஆகியவை அருகிலேயே உள்ளன. குழிமுகத்தின் ஒளிப்படம் அளவுநாடாவோடு இருக்கிறது. களப்படிவத்தின் கையெழுத்துப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது. காலதாமதம் ஓரளவு இருந்தது, மறுசோதனைக்குக் கட்டணம் வாங்கவில்லை, எழுதிய கடிதங்களுக்கு மழுப்பாத பதில் வந்தது. மண் வரைபடம், பாசனம், வடிகால், அடித்தளம் போன்ற பணிகளுக்கு ஆதாரத் தரவு தேடுபவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எண்களைத் தாமே சரிபார்க்க வாய்ப்பில்லாதவர்கள், சரிபார்க்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அறிக்கையைப் பெற வேண்டும்.

மறுசோதனை சாத்தியமானதற்குக் காரணம், களக்குழு 2 கிலோ மண் எடுத்ததும், ஆய்வகம் மீதியைக் கொட்டிவிடாமல் கண்ணாடிக் குடுவைகளில் எண்ணிட்டு வைத்திருந்ததும்தான். அந்தக் குடுவைகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. மேட்டில் வெட்ட வேண்டிய இரண்டாவது குழிக்கும் இவர்களையே அழைத்திருக்கிறேன். ஆய்வக அட்டவணை என்னிடம் வருவதற்கு முன் குழுத்தலைவரின் மேசைக்குப் போய், அவர் கையொப்பத்தோடு வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை இம்முறை ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.